செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே படகுக்கு அடி பூசினது

படகு ஓட்டுறவன் ஆத்தைப் பார்த்துக்கிட்டு ஜாலியா இருப்பான்னு நினைக்காதீங்க. அவன் எந்நேரமும் படகைக் குப்புறப் போட்டு அதோட அடியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பான். என்னைப் போல வீட்டுல அடிச்ச பலகைப் படகை வச்சுக்கிட்டு ஆள் ஏத்துற புண்ணியவான்கள் இந்த ஊவா மலையில வேற யாராவது இருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம தலையெழுத்தை நாமதான் பேசி ஆத்திக்கணும்.

நான் த்ரீவீல் ஆட்டோ ஓட்டினவன். லுணுகலையில இருந்து எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கு வர்ற வழியில, ஓயான்னு சொல்ற ஆத்துக்கு மேல ஒரு பாலம் இருந்துச்சு. ஒரு பெருமழையில அது போயிடுச்சு. த்ரீவீல் அந்தக் கரையில, நான் இருக்கிற லயத்து வீடு இந்தக் கரையில. பாலம் கட்டுவாங்க, கட்டுவாங்கன்னு பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போன பிறகு, கொழும்புல கட்டட வேலைக்குப் பலகை அடிக்கிற என் மச்சான் யோகன் லீவுல வந்தான். அவனும் நானுமா அல்பீசியாப் பலகையில ஒரு படகு அடிச்சோம். கீழே ஒரு தடுப்பணை இருக்கிறதால பாலம் இருந்த இடத்துல தண்ணி தேங்கித்தான் நிக்கும், ஓட்டுறது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா ரெண்டு கரையும் வெறும் கல்லு. ஒவ்வொரு தரம் கரை சேரும்போதும் அடிப்பலகை கல்லுல உரசும். அல்பீசியாவோ கத்தரிக்காய் மாதிரி மெதுவான மரம்.

மத்தவங்க படகு இல்லாட்டியும் ஒரு வாரம் பத்து நாள் சமாளிப்பாங்க. காட்டு மேட்டு வழியா சுத்தி நடந்து டவுனுக்குப் போயிருவாங்க. பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணனாலதான் முடியாது. அவருக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரணும். பதுளையில தங்கிக்க அவருக்கு ஆளும் இல்ல, வீடும் இல்ல. ஒரு தடவை நாற்காலியில கட்டி மேட்டு வழியா தூக்கிக்கிட்டுப் போய்ப் பார்த்தோம். பாதி வழியில அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சு, பயந்து திரும்பிட்டோம். ஆக, செவ்வாயும் வெள்ளியும் படகு தண்ணியில இருந்தே ஆகணும். படகுக்கு அடி பூசுறதுன்னா அது ஒரு வாரத்துக்கு மேல வெயில்ல காய்ஞ்சே ஆகணும். இது ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறதுதான் என் தொழில்.

நிஸாம் நானா சொன்ன வைத்தியம்

படகு அடிச்சு முடிச்ச கையோட லுணுகலையில ஹார்ட்வேர் கடை வச்சிருக்கிற நிஸாம் நானாகிட்ட போனேன். அவரு தங்கமான மனுஷன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவாரு, தெரிஞ்சதை விலாவாரியாச் சொல்லுவாரு. முதல்ல பலகை எலும்பு மாதிரி காயணும்னாரு. அப்புறம் தேய்க்கணும். எண்ணெயைச் சூடாக்கி ஊற விடணும். அது காயணும். பலகைச் சந்துல பஞ்சைத் திணிக்கணும். தாரை மெல்லிசா ஒரு பூச்சு, அது காயணும், மறுபடியும் ஒரு பூச்சு, அதுவும் காயணும். கடைசியா கல்லுல உரசுறதுக்குன்னே ரெண்டு நீளக் கட்டையை அடியில நெடுக அடிக்கணும், அது தேய்ஞ்சா கழட்டிட்டு வேற அடிச்சுக்கலாம், பலகைக்குச் சேதம் வராது. 

நான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "நானா, இன்னைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை விடிய படகு ஓடணும், இதுல எதை விடலாம்?"னு கேட்டேன். வெளியில மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. படகு லயத்து வாசல்ல நனைஞ்சுக்கிட்டு இருக்குறது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவரு தார் டின்னை மேசையில வச்சாரு, ஆனா கையை எடுக்கல. "தம்பி, ஈரத்தை உள்ள வச்சு மேல தார் அடிச்சா, நீங்க தண்ணியை உள்ள வராமத் தடுக்கல, வெளிய போகாமத் தடுக்கிறீங்க" என்றார்.

எலுமிச்சம்பழம்

மழைக்காகப் படகு மேல தரப்பாள் துணியைக் கட்டி, அடியில நெருப்பு மூட்டி, எப்படியோ தாரைப் பூசி முடிச்சோம். வெள்ளி விடியல்ல தார் இன்னும் விரல்ல ஒட்டுது. சரி, மெல்லத் தூக்கிட்டுப் போய்த் தண்ணியில வைப்போம்னு பார்த்தா, டிவிஷன் முழுக்க மாரியம்மன் கோயில் பூசாரியோட வந்து நிக்குது. புது வண்டி வாங்கினா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்காம யாராவது எடுப்பாங்களா? என் த்ரீவீலுக்கே அப்படித்தான் செஞ்சேன். படகுக்கு டயர் இல்லையேன்னு சொல்லிப் பார்த்தேன். பூசாரி படகை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. அப்புறம், பழத்தைத் தரையில வரிசையா வச்சு, படகை அது மேல இழுத்தா எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரு.

அதோட விட்டா பரவாயில்ல. முன்னாடி ஒரு தேங்காயை ஓங்கி உடைச்சாரு. சிரட்டைச் சில்லு நாலா பக்கமும் தெறிச்சுக் கிடக்கு. அதைப் பொறுக்கக்கூட விடல, ஆம்பளைங்க எல்லாரும் "ஹேய் ஸா"ன்னு கத்திக்கிட்டு படகை ஒரே இழுப்பா இழுத்தாங்க. சிரட்டை அடியைக் கீறின சத்தம் என் பல்லுல கேட்டுச்சு. அந்தப் பக்கம் போய் மாரிமுத்து அண்ணனை இறக்கி விடுறதுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. திரும்பி வந்து படகைப் புரட்டினா, புதுத் தாருல பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடா வெள்ளைப் பலகை தெரியுது. கோடு நடுவுல ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அழுகை வராத குறை. பூசாரி என் தோளைத் தட்டி, "பழமெல்லாம் நல்லா நசுங்கிடுச்சு தம்பி, இனிமே படகுக்கு ஒரு கொறையும் வராது" என்றார்.

தகரம்

கீறின இடத்துல மேலும் தார் அப்பினேன். அதுவும் ஈரத்துல நிக்காம வடை வடையா உரிஞ்சு வந்துச்சு. யோகன் கொழும்புல இருந்து போன்ல ஒரு யோசனை சொன்னான்: லயத்துக் கூரையில இருந்து கழட்டிப் போட்ட பழைய தகரத்தை நிமித்தி, அடி முழுக்க வச்சு ஆணி அடிச்சிரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கல்லுல உரசினாலும் தகரம்தானே தேயும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து அடிச்சேன். 

ரெண்டு மாசம் ராஜா மாதிரி ஓட்டினேன். கல்லுல ஏறும்போது பல்லு கூசுற சத்தம் வரும், அதைத் தவிர ஒண்ணுமில்ல. அப்புறம் படகு கனக்க ஆரம்பிச்சுது. ஒரு நாத்தம் வேற. ஒரு ஓரத்துல தகரத்தை நெம்பிப் பார்த்தேன். ஆணி ஓட்டை வழியா புகுந்த தண்ணி வெளிய போக வழியில்லாம தகரத்துக்கும் பலகைக்கும் நடுவுல தங்கி, பலகை ஊறின ரொட்டி மாதிரி கையோட வருது. கண்ணுக்குத் தெரிஞ்சு அழுகினா முன்னமே ஏதாவது செஞ்சிருப்பேன்; இது மூடி வச்சு அழுகியிருக்கு.

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மாரிமுத்து அண்ணன் படகு நடுவுல உக்காந்து டின்னால தண்ணியை இறைச்சுக்கிட்டு வந்தாரு. அவரு அந்தக் காலத்துல தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறதுல கெட்டிக்காரரு, இப்ப அரை டின் தண்ணிக்கு மேல தூக்க முடியல. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கோப்பைக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. காலு ரெண்டும் தண்ணியில, நாக்கு வறண்டு போய்க் கிடக்கு. அவரு சம்சாரம் லெட்சுமி அக்கா, "நீங்க விடுங்க, நான் இறைக்கிறேன்"னு டின்னைப் பிடுங்கப் பார்த்தாங்க. அவரு குடுக்கல. என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு, "எனக்கும் இந்தப் படகுக்கும் ஒரே வியாதிதான் பாலா, உள்ள போன தண்ணி வெளிய வர மாட்டேங்குது" என்றார்.

பாசக்காரங்க

கல்லைக்கூட மன்னிச்சிரலாம், பாசம் வச்சிருக்கிறவங்களை ஒண்ணும் செய்ய முடியாது. தகரத்தைக் கழட்டி, அழுகின பலகைக்கு வேற பலகை மாத்தி, சந்துக்கெல்லாம் பஞ்சு திணிச்சேன். இனிமே படகைத் தண்ணியிலயே மிதக்க விடணும், பலகை ஊறிப் பருத்தாத்தான் சந்து மூடிக்கும்னு நிஸாம் நானா சொன்னாரு. ஒரு வாரம் காயவைக்க முடியாதவனுக்கு வேற வழி அதுதான். கயித்தைக் கட்டி மிதக்க விட்டுட்டுச் சாப்பிடப் போவேன். திரும்பி வந்தா படகு கரையில, கல்லு மேல, வெயில்ல கிடக்கும். மலையில இருந்து தேயிலைக் கொழுந்துச் சாக்கோட இறங்கி வர்ற பொம்பளைங்க எல்லாருமாச் சேர்ந்து இழுத்துப் போட்டிருப்பாங்க. பாவம் நனையுதேன்னுதான்.

அரை நாள் வெயில் பூசுறதுக்குப் பத்தாது, ஆனா சந்து பிளக்கிறதுக்குத் தாராளமாப் போதும். இழுத்ததுல அடி தேய்ஞ்சது தனிக் கணக்கு. நான் கெஞ்சினேன், அதட்டினேன், மரத்துல போர்டு எழுதித் தொங்கவிட்டேன். போர்டைப் படிச்சிட்டு இழுத்தாங்க. நான் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்றேன்னு அவங்க நினைப்பு. கடைசியா எல்லாருக்கும் முன்னாடி நிக்கிற சரோஜா அக்காவைப் பிடிச்சு நியாயம் கேட்டேன். அவங்க கொழுந்துச் சாக்கைக் கீழ வச்சிட்டு, இடுப்புல கை ஊனிக்கிட்டு, "எங்க வீட்டு மாட்டைக்கூட நாங்க நாள் பூரா தண்ணியில கட்டிப் போட மாட்டோம், நீ சோறு போடுற படகைக் கட்டிப் போட்டிருக்கியே" என்றாங்க.

நீலப் பெயிண்டு

எங்க கஷ்டம் யாரோ போன்ல எடுத்துப் போட்டு, வெளிய தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் காலையில அந்தக் கரையில ரெண்டு வேன் வந்து நின்னுச்சு. வெள்ளைச் சட்டைக்காரங்க. தேர்தல் வர்ற நேரம், வேற என்ன சொல்ல. படகைச் சீர்படுத்தப் போறாங்கன்னு கேட்டதும் எனக்குக் காலு தரையில நிக்கல. பெட்டி பெட்டியா பெயிண்டு இறங்குது. நல்ல சாமான், கடல் படகுக்கு அடிக்கிற பெயிண்டுன்னு டின்னுல படம் போட்டிருக்கு. மாரிமுத்து அண்ணன் லயத்து வாசல்ல இருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டாரு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அவங்களோட வந்த பையன்க ரெண்டு பக்கப் பலகைக்கும் நீலத்துல அடிச்சாங்க. மூக்குல ஒரு தாமரைப் பூ வரைஞ்சாங்க. உள்ளே உக்காருற பலகைக்கு மஞ்சள். வேலை மும்முரமா நடக்குது. நான் படகைப் புரட்டுறதுக்கு ஆள் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல. பெயிண்டு மிச்சம் இருக்கே, அடிக்கு ஒரு பூச்சாவது குடுங்கன்னு கேட்டேன். மிச்சத்தை அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எடுத்து வச்சிருக்காங்களாம். அப்புறம் எல்லாரையும் படகுல ஏத்தி, மாரிமுத்து அண்ணனைக் கைத்தாங்கலாக் கொண்டு வந்து முன்னாடி உக்கார வச்சுப் போட்டோ எடுத்தாங்க. எடுத்து முடியிற வரைக்கும் லெட்சுமி அக்கா பின்னாடி குனிஞ்சு, போட்டோவுல விழாம தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தாங்க. வேன்ல ஏறப் போன பெரிய ஆளை நான் விடாம மறிச்சு, படகோட அடிக்கு என்ன வழின்னு கேட்டேன். அவரு ரொம்ப மரியாதையா என் கையைப் பிடிச்சு, "தம்பி, அடி யாரு கண்ணுக்கும் தெரியாதே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கவலைப்படுறீங்க" என்றார்.

எல்லயில இருந்து வந்த மருந்து

டூரிஸ்ட்காரங்க வந்து தங்குற எல்ல டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பார்க்கிற எங்க டிவிஷன் பொண்ணு வாசுகி. அங்க தங்கின வெள்ளைக்காரன் ஒருத்தன் விட்டுட்டுப் போன பைபர் துணியும் ரெசின் டின்னும் ஸ்டோர் ரூம்ல சும்மா கிடக்குன்னு எடுத்துக்கிட்டு வந்து குடுத்துச்சு. துணியைப் பலகை மேல விரிச்சு ரெசினைப் பூசினா, காய்ஞ்ச பிறகு கல்லு மாதிரி ஆயிரும், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு கட்டளை: பலகை சுத்தமாக் காய்ஞ்சிருக்கணும். அது சித்திரை வெயில் காலம். செவ்வாய் சாயங்காலம் தூக்கி, அடுத்த செவ்வாய் வரைக்கும் கரையில வச்சா போதும்னு நிஸாம் நானா சொன்னாரு. நடுவுல ஒரு வெள்ளி. 

மாரிமுத்து அண்ணன் காதுக்கு இது எப்படியோ போயிடுச்சு. என்னைக் கூப்பிட்டு விட்டாரு. "ஒரே ஒரு வெள்ளிதானே, நான் போகாம இருந்துக்குறேன், நீ பூசு"ன்னாரு. முந்தி ஒரு தரம் ஆஸ்பத்திரியில மெஷின் பழுதாகி ஒரு தடவை விட்டுப்போனப்ப அவரு முகம் எப்படி வீங்கிச்சு, ராத்திரி பூரா எப்படி உக்காந்தே மூச்சு விட்டாருன்னு பார்த்தவன் நான். லெட்சுமி அக்கா அவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க, வாயில முந்தானை. நான் முடியாதுன்னுட்டேன்.

செவ்வாய் சாயங்காலத்துக்கும் வெள்ளி காலைக்கும் நடுவுல என்ன முடியுமோ அதைச் செஞ்சேன். புதன் பூரா காயவச்சேன், அன்னைக்குச் சாயங்காலமே துணியை விரிச்சுப் பூசினேன். வியாழன் மத்தியானம் எங்கிருந்தோ ஒரு மழை. வெள்ளி காலையில தொட்டுப் பார்த்தா மேல காய்ஞ்சிருக்கு, கீழ பசை. தெய்வத்தை வேண்டிக்கிட்டு இறக்கினேன். அந்தக் கரைக் கல்லுல ஏறினப்போ துணி ஒரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டு, பாம்புச் சட்டை மாதிரி முழுசா உரிஞ்சு வந்திருச்சு. தண்ணியில மிதந்து போன அதை நாங்க மூணு பேரும் பார்த்துக்கிட்டே நின்னோம். பத்து வருஷம் போகுது, தடுப்பணையைத் தாண்டிப் போகுது. மாரிமுத்து அண்ணன் என் முதுகுல கையை வச்சு, "நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல, ரெண்டு நோயாளியில ஒருத்தனாவது உருப்பட்டிருப்பான்" என்றார்.

லெட்சுமி அக்கா சொன்னது

அவரு ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரு. மெஷின்ல இருக்கும்போதே நெஞ்சு நின்னு போச்சாம். அன்னைக்குக் காலையில நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். தண்ணி இறைச்சுக்கிட்டே, ராத்திரிக்கு நெத்தலிக் கருவாடு சமைக்கச் சொல்லி லெட்சுமி அக்காகிட்ட வம்பு பண்ணிக்கிட்டு வந்தாரு. ஒரு தடவைகூட படகால அவருக்கு ஆஸ்பத்திரி தவறல. அதை நினைச்சு மனசைத் தேத்திக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தேறல.

மறுநாள் பெட்டி அந்தக் கரைக்கு வந்து சேர்ந்துச்சு. தோட்டத்துல யாரும் வேலைக்குப் போகல. பெட்டியைப் படகுல வச்சதும் தண்ணி ஏற ஆரம்பிச்சுது. அவரு பிடிக்கிற டின்னை நான் தேடினேன், கிடைக்கல. அப்புறம் யாரும் சொல்லாமலே ஆம்பளைங்க எல்லாரும் ஆத்துல இறங்கி, நெஞ்சளவு தண்ணியில ரெண்டு பக்கமும் நின்னு, படகைக் கையில தாங்கிக்கிட்டே நடந்து வந்தாங்க. பூசாரியும்தான். ஆழத்துல நிலைக்காதவங்க ஓரத்தைப் பிடிச்சு நீந்தினாங்க. தப்பு மேளம் அந்தக் கரையில அடிக்குது, இந்தக் கரையிலும் அடிக்குது. கரை வந்ததும் பெட்டியோட படகை அப்படியே தூக்கிப் புல்லுல வச்சாங்க. அந்தப் படகு செஞ்ச நாள்ல இருந்து அன்னைக்கு ஒரு நாள்தான் அடி கல்லுல படல.

எட்டாம் துக்கம் முடிஞ்ச பிறகு வந்த திங்கட்கிழமை. நான் பழக்கத்துல படகைப் புரட்டி, எங்கெங்க ஒழுகுதுன்னு பார்த்து, நாளைக்குக் காலைக்குள்ள எதை அடைக்கலாம்னு தாரைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன். அவரு இல்லைங்கிறது மண்டைக்குத் தெரியும், கைக்கு இன்னும் தெரியல. லெட்சுமி அக்கா வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க போல. கிட்ட வந்து, அடுப்புல இருந்த தார் டின்னைத் துணியால பிடிச்சு இறக்கிக் கீழ வச்சாங்க. அழுது அழுது குரல் போயிருந்துச்சு. "ஏன் தம்பி இப்படி அரக்கப்பரக்கப் பூசுற, நல்லாக் காயட்டும், இனி செவ்வாய்க்கிழமைக்கு என்ன அவசரம்" என்றாங்க.

அந்த வெயில்ல படகு எலும்பு மாதிரி காய்ஞ்சுது, நிஸாம் நானா சொன்ன ஒண்ணையும் விடாம எண்ணெய், பஞ்சு, தார், உரசுற கட்டைன்னு எல்லாம் செஞ்சு முடிச்சேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. ஆக, படகோட அடி உருப்படணும்னா ஆத்தைத் தாண்டியே ஆக வேண்டிய ஆள் ஒருத்தரும் இருக்கக் கூடாதுங்கிறதுதான் இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது.